ஒரு நீட்டு, இரண்டு வெட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயினுலாப்தீனுக்கு எழுந்திருக்கவே மனமில்லை. பத்தொன்பது வருஷமாகத் தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று ஊறிப்போன கால்கள். வாரத்தில் ஒரு நாளாவது எங்களைச் சும்மா விடேன் என்று அவை கெஞ்சின. ஆனால் அன்றைக்கு இறுதி ஓட்டம். சில்லு ஓடியாக வேண்டும். சில்லு ஓடினால்தான் சில்லு இருக்க முடியும்.

சில்லு அவனுடைய நாய். ஒட்டிய வயிறும் ஊசி மூஞ்சியும் குச்சிக் காலுமாகச் சிப்பிப்பாறை ஜாதிப் பெட்டை. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கோவில்பட்டியில் ஒருவர் கொடுத்த குட்டி. டிக்கெட் பரிசோதகர் வரும்போதெல்லாம் கூடைமேல் துண்டைப் போட்டு மூடி, இரண்டு ராத்திரி ஒரு பகல் கண்ணைக் கொட்டாமல் காத்து, பம்பாய் வரை கொண்டுவந்து சேர்த்திருந்தான். வந்த அன்றைக்கே அவன் மனைவி நஸீரா வாசற்படியில் நின்று மறித்துவிட்டாள். பத்துக்குப் பத்தடி ஒற்றை அறைக் கோலி, அதில்தான் அடுப்பு, அதில்தான் தொழுகைப் பாய், இதில் நாயும் வந்தால் வானத்து மலக்குகள் எந்த வழியாக இறங்கி வருவார்கள் என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

கூடையோடு தோல் ஷாப்புக்குப் போய் முதலாளி ரஹ்மத்துல்லாவின் முன்னால் நின்றான். ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர் அவர். தாடியைத் தடவிக்கொண்டே கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வேட்டைக்கு வச்சுக்கிடதுன்னா வச்சுக்க. அதுக்கு மார்க்கத்துல அனுமதி இருக்கு. சும்மா கொஞ்சுததுக்குன்னா என் ஷாப்புல எடம் கெடையாது. என்ன சொல்லுத?"

வேட்டைக்குத்தான் என்று ஜெயினுலாப்தீன் வாக்குக் கொடுத்தான். வேட்டை நின்றால் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நாய் இங்கே இருக்காது என்றும், யாரும் கேட்காமலே, தானாக ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னான். வாய் சும்மா கிடந்தால்தானே. அன்றிலிருந்து உப்புத் தோல் அடுக்கிய கொட்டகையின் பின்பக்கம் சில்லுவின் வீடாயிற்று.

வேட்டை என்று சொன்னால் போதுமா, வேட்டையாட வேண்டுமே. அதற்கும் பம்பாயில் ஒரு கூட்டம் இருந்தது. செம்பூர் தாண்டி, மான்குர்த் தாண்டி, உப்பளத்துக்கும் மலைக்கும் நடுவே இடுப்பளவு புல் வளர்ந்த வெளி. அங்கே ஞாயிறு காலையில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் நாய்களோடு கூடுவார்கள். இரண்டிரண்டு நாய்களாக அவிழ்த்துவிட்டு, எந்த நாய் முயலை மடக்குகிறது என்று பார்ப்பார்கள். தொடக்கத்தில் வாய்ச் சண்டையாக இருந்தது கைச் சண்டையாகி, ஒருவன் மண்டை உடைந்து சயான் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, இனிமேல் நடுவர் இல்லாமல் ஆகாது என்று சுந்தரராமனை அழைத்துவந்தார்கள்.

மாட்டுங்காவில் குடியிருக்கும் சுந்தரராமன் ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்று பழகியவர். நாயையும் தொடமாட்டார், முயலையும் தொடமாட்டார். முயல் பிடிபடுகிற சமயத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டித் தலைப்பால் அதைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் விதி என்றால் அவருக்கு உயிர். பதினான்கு விதிகளை டைப் அடித்து, தமிழிலும் கையால் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, கூட்டத்தைச் சங்கமாக்கினார். அதற்குப் பிறகு அந்த வெளியில் ஒரு கல்கூட எறியப்படவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

அந்த விதிகளில் இரண்டை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பதாவது விதி: அவிழ்த்துவிட்ட பின், நடுவர் வெள்ளைக் கொடியைத் தாழ்த்தும் வரை எவனும் தன் நாயைத் திரும்பக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அந்த ஓட்டத்தில் தோல்வி. பதினோராவது விதி: அடுத்தவன் நாயைக் குரலாலோ கையாலோ தடுத்தவன், நாய்க்காரன் சாட்சி சொன்னால், சங்கத்தை விட்டே நிரந்தரமாக வெளியேற வேண்டும். இந்தப் பதினோராவது விதி வந்ததே ஜெயினுலாப்தீனால்தான். ஒருமுறை எவனோ தகர டப்பாவைத் தட்டிச் சில்லுவை மிரட்டிவிட்டான் என்று கண்ணில் தண்ணீர் வர முறையிட்டு, அவன்தான் அதை எழுத வைத்தான்.

அந்த வருஷக் கோப்பைக்கான இறுதி ஓட்டத்தில் சில்லுவோடு ஓட வேண்டிய நாயின் பெயர் துரை. வேறு யாருமல்ல, சில்லுவின் மகன்தான். மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போது வானமாமலை கேட்டான் என்று ஜெயினுலாப்தீனே தூக்கிக் கொடுத்தது. வானமாமலைக்கு நாங்குநேரிப் பக்கம். அம்பர்நாத்தில் தீப்பெட்டி ஆலையில் மேஸ்திரி. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வேலி போட்ட பெரிய காலியிடம் அவனுக்கு உண்டு. பொறாமைப்படுகிற அளவுக்குப் பெரிய இடம். நாயைக் கூப்பிடக் கழுத்தில் பித்தளை ஊதல் ஒன்று மாட்டியிருப்பான்.

ஜெயினுலாப்தீனுக்கு ஊதல் கிடையாது. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி. ஒரு நீட்டு, இரண்டு வெட்டு. குட்டிப் பருவத்திலிருந்தே, சோளக் கஞ்சி வைக்கும் ஒவ்வொரு வேளையும் அந்தச் சீட்டியை அடித்துவிட்டுத்தான் சட்டியைக் கீழே வைப்பான். இந்த ஜாதி நாய்கள் கண்ணால் வேட்டையாடுகிறவை. முயல் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. ஆனால் கஞ்சியோடு போன அந்தச் சத்தம் மட்டும் ஏறும். துரைக்கும் முதல் மூன்று மாதம் அதே சட்டிதான், அதே சீட்டிதான்.

மணி ஏழே முக்கால் ஆனபோது சுந்தரராமன் பையிலிருந்து டைம் டேபிளை எடுத்துப் பார்த்தார். வெளியின் கிழக்கு ஓரத்தில், ஒரு மேட்டின்மேல், தொழிற்சாலைகளுக்குப் போகும் ஒற்றைத் தண்டவாளம் கிடந்தது. முயல் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே வண்டி இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அவர் ஓட்டம் வைப்பார். ஏழு ஐம்பது முதல் எட்டு நாற்பது வரை அந்த லைனில் ஒன்றும் கிடையாது என்று அறிவித்தார். இத்தனை வருஷத்தில் அவர் சொல் ஒருநாளும் பொய்த்ததில்லை.

எட்டு மணிக்கு முயல் கிளம்பியது. நாய்களை அவிழ்த்தார்கள்.

சில்லு ஓடுவதைப் பார்க்கும்போது ஜெயினுலாப்தீனுக்கு மற்ற எல்லாம் மறந்துபோகும். கால்வலி, சுண்ணாம்பு தின்ற விரல்கள், மழைக்காலத்தில் கோலிக்குள் ஏறும் சாக்கடைத் தண்ணீர், எல்லாம். வாரம் முழுவதும் பட்ட அலுப்புக்கு அந்த ஒரு நிமிஷம்தான் அவனுக்குக் கூலி. அன்றும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முயல் இரண்டு தடவை வளைந்தது. சில்லு உள்பக்கமாக வெட்டினாள், துரை வெளிப்பக்கமாக மடக்கினான். வேறு வழியில்லாமல் முயல் கிழக்கே நேராகத் தண்டவாள மேட்டைப் பார்த்து ஓடியது.

அப்போதுதான் தெற்கே, மேடு வளைகிற இடத்தில், கரும்புகை எழுந்ததைக் கண்டான்.

"சார், வண்டி வருது. கொடியப் போடுங்க."

சுந்தரராமன் புகையைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டைம் டேபிளைப் பிரித்தார்.

"வண்டி கிடையாதே, பாய். எட்டு நாப்பதுக்குத்தானே? டேபிள்லேயே இல்லியே."

டேபிளில் இல்லாத வண்டியும் தண்டவாளத்தில் வரும் என்பது, முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டிய மனிதருக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

ஜெயினுலாப்தீன் வானமாமலையைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் புகை தெரிந்திருந்தது. பித்தளை ஊதல் அவன் உதட்டில் இருந்தது. ஆனால் அவன் நாய்களைப் பார்க்கவில்லை, ஜெயினுலாப்தீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் கூப்பிடுகிறவன் தோற்றவன். அந்தக் கணக்கு இருவருக்குமே தெரியும்.

தோற்பதைப் பற்றி ஜெயினுலாப்தீனுக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் ஓடிக்கொள்ளலாம். ஆனால் அவன் சீட்டி சில்லுவோடு நிற்காது, துரையையும் திருப்பிவிடும். அப்படித் திருப்பினால் பதினோராவது விதி. அந்த வெளியை விட்டால் பம்பாயில் முயலுக்கு எங்கே போவது, சங்கம் போனால் வேட்டை போயிற்று. வேட்டை போனால் சில்லு போனாள். ஓடவிட்டால் மேட்டின்மேல் போனாள். எப்படிப் பார்த்தாலும் அவனுக்கு நாய் இல்லை. இவ்வளவையும் யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் விரல்கள் வாய்க்குப் போய்விட்டன.

ஒரு நீட்டு, இரண்டு வெட்டு.

மேட்டின் அடியில் சில்லு கால்களை ஊன்றி நின்றாள். துரை இன்னும் பத்தடி ஏறினான். ஏறியவன் தலையை உலுக்கி, ஏதோ ஞாபகம் வந்தவன்போலத் திரும்பினான். அவன் வால் திரும்பிய இடத்தை எஞ்சின் கடந்தது. பின்னால் எண்ணெய்த் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு போயின. பேசினாலும் கேட்காத சத்தம். முயல் என்ன ஆயிற்று என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டு நாய்களும் ஜெயினுலாப்தீனிடம்தான் ஓடி வந்தன. கஞ்சிச் சட்டியைத் தேடி அவன் கைகளை மோந்தன.

சுந்தரராமனின் முகம் வெளிறிப்போயிருந்தது. டைம் டேபிளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். யாரோ ஒருவர் இதை இத்தோடு விட்டுவிடலாமே என்றார். இன்னொருவர் கோப்பை யாருக்கு என்றார். முணுமுணுப்பு ஏறி, பழைய சண்டைக் காலத்தின் வாடை அடிக்க ஆரம்பித்ததும், சுந்தரராமன் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டார். விதித் தாளை எடுத்தார்.

சீட்டி அடித்தது நீங்கள்தானா என்று ஜெயினுலாப்தீனைக் கேட்டார். ஆமாம் என்றான். பிறகு வானமாமலையிடம் திரும்பினார். துரை தானாகத் திரும்பிற்றா, அல்லது பாய் அடித்த சீட்டிக்குத் திரும்பிற்றா என்று கேட்டார்.

மோசமான கேள்வி அது. தானாகத் திரும்பியது என்று சொன்னால் ஜெயினுலாப்தீன் பிழைப்பான். ஆனால் முயலை விட்டுத் தானாகத் திரும்பிய நாய் கோழை. அதற்கும் ஒரு விதி இருந்தது, அந்த நாய் இனி எந்நாளும் ஓட முடியாது. வானமாமலை துரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு குனிந்தே நின்றான். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

"பாய் சீட்டிதான்," என்றான்.

ஜெயினுலாப்தீனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் வருவதற்குக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். நல்ல நாயைக் கோழை என்று எந்த வாயால் சொல்லுவான் என்று வானமாமலைக்காகத் தானே நியாயம் பேசிக்கொண்டான்.

கோப்பை வானமாமலைக்குப் போனது. ஒருவரும் கைதட்டவில்லை. சுந்தரராமன் அங்கேயே புல்லில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, பதினைந்தாவதாக ஒரு விதி எழுதினார். தண்டவாளமோ சாலையோ நாய்க்கு ஆபத்தென்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் எந்த நாயை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம், அதற்குத் தண்டனை இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெயினுலாப்தீனிடம் மட்டும் தாள் வரவில்லை. அவன்தான் இப்போது சங்கத்தில் இல்லையே. அவர் எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றார்.

"அடுத்த வாரத்திலேர்ந்து அமல். முன்தேதி போட்டு எழுத நேக்குக் கை வரலை, பாய். ஒருதடவை முன்தேதி போட்டுட்டா அப்புறம் எந்த விதிக்கும் மரியாதை இருக்காது."

"சரிங்க சார்," என்றான் ஜெயினுலாப்தீன். வேறு என்ன சொல்ல? அவரும் தூங்கப் போவதில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

செம்பூர் வழியாக நடந்தே தாராவிக்குத் திரும்பினான். சில்லுவுக்கு ஒன்றும் புரியவில்லை. முயலும் இல்லாமல் கஞ்சியும் இல்லாமல் எதற்குக் கூப்பிட்டாய் என்பதுபோல அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

நடந்ததையெல்லாம் நஸீரா அரிசி புடைத்தபடியே கேட்டுக்கொண்டாள். ஆறு வருஷமாக அந்த நாயை அவள் வாசற்படி மிதிக்க விட்டதில்லை. ஆனால் மீன் வாங்கும் நாளெல்லாம் தலைகளைத் தனியாக வேகவைத்து ஷாப்புக்குக் கொடுத்துவிடுவாள்; கேட்டால், வீணாய்ப் போகிறது என்பாள். விளக்கேற்றும் நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"நான் வேணா மொதலாளி வீட்டம்மாட்ட பேசிப் பாக்கட்டுமா?"

வேண்டாம் என்றான். கொடுத்த வாக்கு என்றான். விதியை மீறிவிட்டு வந்தவன் வாக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறானே என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். அவனுக்குமே தோன்றியது. ஆனால் விதியை மீறியது நாயின் உயிருக்காக. வாக்கை மீறினால் அது அவன் ஆசைக்காக. இந்த வித்தியாசத்தை அவளிடம் விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்ததால் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஏறிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது வானமாமலை வந்து நின்றான். அம்பர்நாத்துக்குத் தோல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று சாலையில் நிற்பதாகவும், அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்றும் சொன்னான். கழுத்தில் தொங்கிய ஊதலை விரலால் உருட்டிக்கொண்டே பேசினான்.

"ஊதல் வாயிலதான் இருந்துது, பாய். ஊதல. நீரு எப்படியும் மொதல்ல கூப்பிட்டுருவீருன்னு எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் நின்னேன்."

ஜெயினுலாப்தீன் கால் கழுவுவதை நிறுத்தவில்லை. சுண்ணாம்பு லேசில் போகாது. தேய்த்துக்கொண்டே இருந்தான். இவனைக் கன்னத்தில் அறையலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அறைந்து என்ன ஆகப்போகிறது, நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"எனக்கு ஒரு காரியம் செய்யணும், அண்ணாச்சி," என்றான். "சில்லுவ நீங்கதான் கொண்டு போவணும். ஒங்க எடம் பெருசு. மவனும் அங்கதான் நிக்கான். வெலக்கு எனக்குத்தான், நாய்க்கு இல்ல. ஒங்க பேர்ல அது ஓடலாம்."

வானமாமலை தலை நிமிரவில்லை. எந்த முகத்தோடு வாங்குவேன் என்றான். முகத்தைப் பற்றி எனக்கென்ன என்றான் ஜெயினுலாப்தீன். கோபம் அந்த ஒரு வார்த்தையில்தான் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"ஆனா அந்த ஊதல் ஆகாது. அதை ஊதலாமா வேண்டாமான்னு யோசிப்பீங்க. சீட்டி படிச்சுக்கிட்டுப் போங்க."

கொட்டகைக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தான். நாக்கை எப்படி மடிப்பது, விரலை எந்தப் பல்லுக்குக் கீழே வைப்பது. வானமாமலைக்குக் காற்றுத்தான் வந்தது. மறுபடியும் என்றான் ஜெயினுலாப்தீன். எச்சில் வழிந்தது. மறுபடியும். நாற்பத்தைந்து வயது மேஸ்திரி, கன்னம் சிவக்க, கண் கலங்க, ஊதிக்கொண்டே இருந்தான். சில்லு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் ஒரு நீட்டும் இரண்டு வெட்டும், கரகரப்பாகத்தான், ஆனால் சரியாக வந்தன. சில்லுவின் காது நிமிர்ந்தது. எழுந்துபோய் வானமாமலையின் கையை மோந்தாள்.

இன்னொருவன் சீட்டிக்கு அவள் எழுந்து போவதை ஜெயினுலாப்தீன் பார்த்துக்கொண்டு நின்றான். அதைத்தான் அவன் விரும்பினான், அதையேதான் அவனால் தாங்க முடியவில்லை.

ரயில் பக்கமாக ஓட்டம் வைத்தால் அவிழ்த்துவிடாதீர்கள் என்றான். சோளக் கஞ்சியை ஆறவைத்து ஊற்றுங்கள் என்றான். அவ்வளவுதான். கயிற்றை அவன் கையில் கொடுத்தான்.

சந்து நீளமானது. தோல் காயப் போட்ட கம்புகளுக்கு நடுவே வானமாமலை போனான், சில்லு அவன் பின்னால் போனாள். கம்புகள் முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் அவள் நின்றாள். கயிறு விறைத்தது. திரும்பிப் பார்த்தாள். வானமாமலை இழுத்தான், அவள் நகரவில்லை. காது இரண்டையும் நிமிர்த்திக்கொண்டு, கூப்பிடப் போகிறாயா என்பதுபோல, சந்தின் இந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயினுலாப்தீனின் விரல்கள் உதடுவரை வந்துவிட்டன. சுண்ணாம்பு காந்தியது. ஒரு நீட்டு போதும், வெட்டுகூட வேண்டாம், கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவன் விரல்களை இறக்கி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான்.

சில்லு இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு திரும்பி, லாரி நின்ற பக்கம் நடந்து போனாள்.